ஏட்ரியல் கார்டியோபதி: ‘மேலறை நலிவு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் குழுவில், ஏட்ரியல் கார்டியோபதி என்ற இதய மேலறை நோய்க்கு மதுரை நண்பர் முன்வைத்த ‘மேலறைத் துடிப்புக் கோளாறு’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த நோயில் துடிப்பு ஒழுங்காகவே இருக்கலாம், கெட்டுப்போவது அறை. இதயத்தின் இடது மேலறை விரிந்து, சுவரில் தழும்பேறி, சுருங்கும் வலு குறைகிறது. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இல்லாமலேயே இப்படி நடக்கக்கூடும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இதயத்துடிப்பைப் பதியும் கருவியை உடலுக்குள் பொருத்தியவர்களின் பதிவுகளைப் பார்த்தால், பக்கவாதம் வந்த நாளை ஒட்டிப் பலருக்கு ஃபிப்ரிலேஷனே இருக்கவில்லை. ஆகவே இரண்டுக்கும் தனிப்பெயர் வேண்டும். துடிப்புக்கு ‘மேலறை நடுக்கம்’, அறைக்கு ‘மேலறை நலிவு’. ‘மேலறைத் தசைநோய்’ என்றால் பொருள் குறுகிவிடும். தசையோடு மின்கடத்தலும் உட்சுவரும் சேர்ந்தே கெடுகின்றன.

அடுத்தது கிரிப்டோஜெனிக் ஸ்ட்ரோக், அதாவது சோதித்துப் பார்த்தும் காரணம் தெரியாத பக்கவாதம். அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இந்த வகை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறேன். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, நேற்றுவரை படகில் போனவர், எதனால் வந்தது என்று வீட்டார் கேட்கிறார்கள். மருத்துவமனைச் சீட்டில் இருக்கும் ஆங்கிலச் சொல் அவர்களுக்கு எதுவும் சொல்வதில்லை. கடைசியில் வாடைக்காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு, மேற்கொண்டு சோதனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

‘மூலமறியாப் பக்கவாதம்’ ஏட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே மூலம் என்றால் ஆசனவாய் நோய்தான். ‘காரணம் விளங்காத’ என்பதும் வேண்டாம். கை கால் செயலிழந்தால் எங்கள் பக்கம் ‘விளங்காமப் போச்சு’ என்பார்கள், அது வசையும்கூட. படுத்திருப்பவர் காதில் அந்தச் சொல் விழக்கூடாது.

‘காரணம் பிடிபடாத பக்கவாதம்’ என்று வைக்கலாம். தேடியும் இன்னும் அகப்படவில்லை என்ற பொருள் அதில் இருக்கிறது. மருத்துவமும் அதைத்தான் கேட்கிறது: மூளை ஸ்கேன், கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், எக்கோ, தொடர் ஈசிஜி எல்லாம் பார்த்த பிறகே இந்தப் பெயர் தர வேண்டும்.

சரி, மேலறை நலிவையும் இந்தப் பக்கவாதத்தையும் இணைத்து ‘மேலறைவழிப் பக்கவாதம்’ என்று சொல்லிவிடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. தொடர்பு தெரிகிறது, அதுதான் காரணம் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. 2024இல் வெளிவந்த ஆர்கேடியா ஆய்வில், மேலறை நலிவின் அறிகுறியோடு காரணம் பிடிபடாத பக்கவாதமும் வந்த 1015 பேரில் ஒரு பாதிக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபானும் மறுபாதிக்கு ஆஸ்பிரினும் கொடுத்தார்கள். மறுபடி பக்கவாதம் வந்தது இரு பக்கமும் ஆண்டுக்கு 4.4 சதவீதம். மேலறையில் உறையும் கட்டிதான் காரணம் என்றால் அபிக்ஸபான் பக்கம் குறைந்திருக்க வேண்டும், ஆனால் வித்தியாசமே இல்லை. நாம் ‘மேலறைவழி’ என்று எழுதிவைத்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மெடிக்கலில் தாங்களாகவே வாங்கிப் போட ஆள் இருக்கிறது. அதில் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு.

அப்புறம், இடது மேலறையை ஒட்டி நீளும் சிறு பைக்கு இன்னும் சொல் முடிவாகவில்லை. மேலறை நடுக்கத்தில் ரத்தம் பெரும்பாலும் கட்டியாக உறைவது அங்கேதான். ‘மேலறைப் பை’ போதுமென நினைக்கிறேன். இதயநோய்ப் பிரிவில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.