இரவுச் செயற்கைக்கோள் படங்களில் சில நாடுகள் இருண்டு கிடப்பது ஏன்?

கேள்வி: கோத்தகிரிவாசி

வணக்கம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையை ஒட்டிய சரிவில் எங்கள் வீடு இருக்கிறது. பனிமூட்டம் இல்லாத இரவில் வாசலில் நின்றால், மேட்டுப்பாளையமும் காரமடையும் அவற்றுக்கு அப்பால் கோவையும் அடுப்புத் தணலைப் பரப்பி வைத்ததுபோல் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சென்ற வாரம் பூமியின் இரவுப் படத்தைக் கணினியில் பெரிதாக்கி, முதலில் நம் மலையைத்தான் தேடினாள். கோவை பளிச்சென்று இருந்தது. ஊட்டியும் குன்னூரும் சிறு பொட்டுகளாகத் தெரிந்தன. அவலாஞ்சி, முக்குருத்திப் பக்கம் முழுவதும் கறுப்பு. பிறகு கொரியாவைக் காட்டினாள். தெற்கு ஒரு தீவைப்போல் ஒளிர, வடக்கு கடலோடு கடலாகக் கரைந்திருந்தது. நடு ஆப்பிரிக்காவும் அப்படியே.

“அங்கெல்லாம் மனிதர்களே இல்லையா அப்பா?” என்றாள். ஏழை நாடுகள் என்று சொன்னேன். “அப்படியென்றால் அவலாஞ்சியும் ஏழையா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: கூடலூர் ஆசிரியை

உங்கள் மகளின் இரண்டாவது கேள்வியில்தான் விடையின் பாதி இருக்கிறது. அந்தப் படத்தைத் தனியாகப் பார்க்கக் கூடாது. மக்கள்தொகைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அவலாஞ்சியில் சோலையும் புல்வெளியும் நீர்த்தேக்கமும் இருக்கின்றன. விளக்கேற்ற ஆள் இல்லை. தமிழ்நாட்டைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் பரந்த மங்கோலியாவில் சுமார் 35 லட்சம் பேர்தான் வாழ்கிறார்கள் என்பதால், அந்நாட்டின் இருட்டைப் பெரும்பாலும் அதுவே விளக்கிவிடுகிறது. எகிப்தில் மக்கள் ஏறத்தாழ எல்லோரும் நைல் கரையிலும் கழிமுகத்திலும் குவிந்திருப்பதால், பாலைவன இருட்டின் நடுவே ஆறு ஒரு ஒளிக்கொடியாகத் தெரிகிறது.

வெளிச்சத்தையும் இப்படியே ஐயத்தோடு பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய்க் கிணறுகளில் எரித்துவிடப்படும் எரிவாயுவும், கணவாய் மீன் பிடிக்கும் கப்பல்களின் விளக்குகளும், காட்டுத் தீயும்கூடச் சில படங்களில் நகரம்போலத் தெரியும்.

மறுமொழி 2: குந்தா பவர் ஹவுஸ், ஓய்வு

ஆசிரியை அம்மா சொன்னது சரி. ஆனால் வட கொரியாவுக்கு அது பொருந்தாது. அந்நாட்டின் பரப்பு தமிழ்நாட்டைவிடச் சற்றே குறைவு. மக்கள் ஏறத்தாழ இரண்டரைக் கோடிக்கு மேல். ஆள் நிறைந்த இடத்தில் இருட்டு இருந்தால் மின்சாரத்தின் கதையைத்தான் கேட்க வேண்டும். நான் பணிக்காலம் முழுவதையும் டர்பைன் இரைச்சலில் கழித்தவன் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இன்று இருண்டிருக்கும் அந்த வடக்கில்தான் ஒரு காலத்தில் கொரியாவின் பெரும் பகுதி மின்சாரம் உற்பத்தியானது. மலையும் ஆறும் அணையும் அங்கே; நெல்வயலும் சியோல் நகரமும் தெற்கே. 1948 மே மாதத்தில் வடக்கு தன் மின்தொடரைத் துண்டித்தபோது இருளில் தவித்தது தெற்குதான். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து மலிவான எண்ணெயும் உதிரிப் பாகங்களும் நின்றுபோக, 1995 வெள்ளத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூழ்க, வடக்கின் மின்சாரம் சரிந்தது. மலை மாறவில்லை, ஆறும் மாறவில்லை. இயந்திரத்தைப் பழுதுபார்க்கவும் எரிபொருள் வாங்கவும் வழியில்லாமல் போயிற்று. ஆகவே இருட்டைப் பார்த்தவுடன் ‘என்றுமே இல்லாத நாடு’ என்று எண்ணிவிடக் கூடாது.

நடு ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசில் நடந்தது வேறு. காங்கோ ஆற்றின் இங்கா அருவிகளில் 1972இலும் 1982இலும் இரண்டு நீர்மின் நிலையங்கள் எழுந்தன. அங்கிருந்து சுமார் 1,700 கிலோமீட்டர் நீளத்துக்கு உயரழுத்த நேர்மின் (டி.சி.) தொடர் இழுத்து, நாட்டின் தென்கிழக்கில் உள்ள கட்டாங்காவின் செம்புச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். நேர்மின் தொடரிலிருந்து நடுவழியில் மின்சாரம் எடுக்க வேண்டுமானால் அதை வீட்டுக்கு உதவும் மாறுமின்னாக (ஏ.சி.) மாற்றும் நிலையத்தைப் பெருஞ்செலவில் கட்ட வேண்டும். அதைக் கட்டாததால், தலைக்கு மேல் கம்பி ஓடியும் கிராமங்கள் இருட்டிலேயே இருந்தன. இன்றும் அந்நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே மின்சாரம் கிடைக்கிறது.

இதை எழுதும்போது எனக்கு நம் மலைதான் நினைவுக்கு வருகிறது. 1932இல் பைக்காரா நீர் சிங்காராவில் விழுந்து மின்சாரமானது. அந்த மின்சாரத்தில்தான் கோவையின் பஞ்சாலைகள் பெருகின. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டவர் லைன் போகும் தடத்துக்கு நேர் கீழே ஓர் இருளர் ஊர் இருந்தது. இரவு ரோந்தில் அதைக் கடக்கும்போது மேலே கம்பிகள் ‘ஙொய்’யென்று இரைந்துகொண்டிருக்கும், கீழே ஒரு பாட்டி சிம்னி விளக்கைச் சேலைத் தலைப்பால் மறைத்தபடி எங்களுக்கு வழிகாட்டுவார். அந்தக் கம்பியில் ஓடிய மின்சாரத்தை உண்டாக்கியவன் நான் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு ஒருபோதும் வாய் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்தே அந்த ஊருக்கு இணைப்பு வந்தது.

உங்கள் வாசலிலிருந்து தெரியும் தணலில் நம் மலைநீரும் இருக்கிறது என்று மகளிடம் சொல்லுங்கள்.

கோத்தகிரிவாசி

ஐயா, அவளிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன். வெகுநேரம் வாசலில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒன்று கேட்கிறாள்: எங்கள் ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) எல்லா வீட்டுக்கும் மின்சாரம் இருக்கிறதே, அது ஏன் படத்தில் இல்லை?

மறுமொழி 3: குன்னூர் வரைபடப் பணியாளர்

இதற்குக் காரணம் கருவியில் இருக்கிறது. இத்தகைய இரவுப் படங்களை எடுக்கும், 2011 அக்டோபரில் ஏவப்பட்ட சுவோமி என்.பி.பி. செயற்கைக்கோள் சுமார் 824 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி, எந்த ஊரையும் அங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில் கடக்கிறது. அந்நேரம் ஹட்டியில் எல்லோரும் விளக்கணைத்து உறங்கிக்கொண்டிருப்பார்கள். தெருவிளக்கு நிறைந்த ஊர்தான் அதன் கண்ணில் படும். மேலும் அதன் ஒரு புள்ளி ஏறத்தாழ 750 மீட்டர் சதுரம் என்பதால், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே எரியும் நான்கு விளக்குகள் அதில் கரைந்துபோகும். நீல ஒளியையும் அது பெரிதாக உணராது. ஆகவே மஞ்சள் சோடியம் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்ட தெரு, நம் கண்ணுக்கு அதே பிரகாசத்தில் இருந்தாலும், படத்தில் மங்கியதுபோலத் தெரியலாம். மேல்நோக்கி ஒளி சிந்தாத மூடி போட்ட விளக்குகளும் அப்படியே. ஜெர்மானிய நகரங்கள் அமெரிக்க நகரங்களைவிடத் தலைக்குக் குறைந்த ஒளியையே வானுக்கு விடுகின்றன, அங்கே வறுமை ஒன்றும் இல்லை.

குந்தா பவர் ஹவுஸ், ஓய்வு

மகளுக்கு விடுமுறை வரும்போது மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடை இறங்கும் சாலையில் அழைத்துச் செல்லுங்கள். மலையிலிருந்து நீர் இறங்கும் ராட்சதக் குழாய்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். யானை நடமாட்டம் உள்ள தடம், ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.