டெங்குக்கு அப்புறம் மாஸ்டர்ஸ் சைக்ளோகிராஸ் ஓட்டலாமா?

பாளை சைக்கிள்:
அண்ணாச்சிமாரே, வயசு 47, பெல்ஜியத்துல வேல, அங்கதான் சைக்ளோகிராஸ், அதான் சேறு, மணல், தடைன்னு கரடுமொரடான பாதைல ஓட்டுத சைக்கிள் ரேஸ், ஓட்டுதேன். லீவுக்கு ஊருக்கு வந்த எடத்துல டெங்கு புடிச்சு பிளேட்லெட் 22 ஆயிரத்துக்கு எறங்கி எட்டு நாள் ஆஸ்பத்திரில கெடந்தேன். காய்ச்சல் விட்டு மூணு வாரம் ஆச்சு, இன்னும் ஏழு வாரத்துல மாஸ்டர்ஸ் (வயசு கூடுனவங்களுக்கான) சாம்பியன்ஷிப், வருசம் பூரா அதுக்குன்னே ஒழைச்சது, விட மனசு வரல. நேத்து திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் ஏறுததுக்குள்ளயே மூச்சு வாங்கிட்டு. என்ன செய்யட்டும்?

தேரிக்காடு:
தம்பி, மொதல்ல ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) ரெண்டும் எடுங்க. டெங்கு சிலபேருக்கு இதயத் தசையையும் தாக்கும், அப்படி இருந்தா 3லருந்து 6 மாசம் போட்டி பக்கமே போகக்கூடாதும்பாங்க. ரோடு ரேஸ்னா கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சு கொஞ்சம் மூச்சு விடலாம், சைக்ளோகிராஸ்ல ஸ்டார்ட்லயே நெஞ்சுத் துடிப்பு உச்சத்துக்குப் போயிரும், 40 செ.மீ. பலகைய எறங்கி தாண்டி, சைக்கிள தோள்ல போட்டு சேத்துல ஓடணும். அந்த பாலத்து மூச்ச லேசா எடுக்காதீங்க.

ஆத்தங்கரை:
எனக்கும் வந்துச்சு, அசதி ஒன்றரை மாசம் போகல. காலைல எந்திரிச்ச ஒடனே நாடி பாருங்க, வழக்கத்தவிட கூட இருந்தா அன்னைக்கு குறுக்குத்துறை ஆத்தங்கரைல பைய நடங்க, போதும். டாக்டர் சரின்ன பெறகு திசையன்விளை தேரி மணல்ல சைக்கிள தூக்கி ஓடிப் பழகலாம், நானே கூட வாரேன்.

பாளை சைக்கிள்:
வெள்ளிக்கெழம எக்கோ எடுக்கப் போறேன் அண்ணாச்சி. ரிசல்ட் வந்ததும் இங்கயே போடுதேன், அதுவரைக்கும் சைக்கிள தொடல.