சுங்கை சிப்புட்டுக்குப் புதிது: மகளுக்கு பிசினஸா, எண்வழிச் சமூக அறிவியலா?

கேள்வி: செம்பனை ஆலை வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்திருக்கிறோம். மகள் பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுத்தவள். இரண்டில் எதில் சேர்க்கலாம்?

பதில்: அக்கா, பிபிஏ (வணிக நிர்வாகப் பட்டம்) படித்தால் அக்கவுண்டன்ட் ஆகிவிடலாம் என்ற நினைப்பு இருந்தால் முதலில் அதை விடுங்கள். இங்கே அந்தப் பெயரில் தொழில் செய்ய எம்ஐஏ எனும் மலேசியக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினராக வேண்டும். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட கணக்கியல் பட்டமோ ஏசிசிஏ போன்ற சர்வதேசக் கணக்காளர் தேர்வோ தேவை. ஏசிசிஏவின் 13 தாள்களில் பொருத்தமான கணக்கியல் பட்டத்துக்கு 9 வரை விலக்கு உண்டு. பொதுவான பிபிஏவுக்கு அவ்வளவு கிடைக்காது.

இரண்டாவது படிப்பான எண்வழிச் சமூக அறிவியலை, அதாவது எண்களை வைத்துச் சமூகத்தை ஆராயும் படிப்பை, அதே பெயரில் தேடினால் அகப்படுவது அரிது. பொருளாதாரம், பயன்பாட்டுப் புள்ளியியல் என்று தேடுங்கள். பக்கத்தில் கம்பாரிலேயே துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இருக்கிறது.

வித்தியாசம் புரிய நம் ஊர் விஷயத்தையே எடுப்போம். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆனது. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்குப் பொதுவாக ஆகஸ்ட் 1 வரை அவகாசம். மினி மார்க்கெட் இந்தச் செலவை எப்படிச் சமாளிக்கும், விலையை ஏற்றுமா, ஷிப்டைக் குறைக்குமா என்பது பிசினஸ் மாணவியின் கேள்வி. சம்பளம் ஏறியதால்தான் வேலை குறைந்ததா என்பது மற்றவளின் கேள்வி. பிப்ரவரிக்கு முன், பின் என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவாள். சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள் வியாபாரமெல்லாம் அதே மாதங்களில்தான் வருகிறது. அதனால் உடனே ஏற்றிய கடைகளில் வந்த மாற்றத்திலிருந்து, அவகாசம் பெற்ற சிறு கடைகளில் வந்த மாற்றத்தைக் கழிக்க வேண்டும். அதற்கும் முன்னால், இரு வகைக் கடைகளும் முந்தைய மாதங்களில் ஒரே போக்கில் இருந்தனவா என்று சோதிக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கழித்தலுக்கே அர்த்தமில்லை. இதைக் கேட்டு மகளின் கண் விரிந்தால் பாதி முடிவு வந்துவிட்டது.

மீதி முடிவுக்கு இரண்டு சனி, ஞாயிறு போதும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். புள்ளியியல் துறையின் ஓபன்டோசம் தளத்தில் மாவட்டவாரிக் குடும்ப வருமானம் கிடைக்கும். நம் கோலகங்சார் மாவட்டத்தையும் பக்கத்து கிந்தா மாவட்டத்தையும் ஒப்பிட்டு, சராசரி ஏன் இடைநிலை வருமானத்தைவிட (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம்) அதிகமாக இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

பாடத்திட்டத்தில் எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் ஆராய்வது) இரண்டு பாடமாவது, மாதிரியெடுப்பு, ஆர் அல்லது அதுபோன்ற ஸ்டேட்டா மென்பொருள், இறுதியாண்டு ஆய்வேடு இருக்க வேண்டும். எஸ்பிஎஸ்எஸ் என்ற மென்பொருள் மட்டும் இருந்தால் பட்டனை அழுத்தத் தெரியும், விடை ஏன் தப்பு என்று தெரியாது. வணிகக் கணிதத்தில் அணிகளும் வகையீடும் இருப்பதால் பயப்பட வேண்டாம். நிகழ்தகவை மட்டும் சேருவதற்கு முன் திரும்பப் படிக்கட்டும்.

சொந்தத் தொழில் ஆசை இருந்தால் பிசினஸ். இல்லையென்றால் எண்கள்தான் என்பேன். மார்க்கெட்டிங்கை வேலையில் சேர்ந்தும் பழகலாம். நிகழ்தகவை அப்படிப் பழகுவது கடினம்.

இன்னொரு பதில்: அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ விண்ணப்பமும் பிடிபிடிஎன் எனும் அரசுக் கல்விக் கடனும் குடிமக்களுக்கு மட்டுமே. நீங்கள் நேரே பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். மாணவர் பாஸ் (படிப்பதற்கான அனுமதி) வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கவனிக்கும் இஎம்ஜிஎஸ் வழியாக வரும். அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி என்பதால் அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் எம்கியூஆர் பதிவேட்டில் படிப்பின் பெயரையே தேடுங்கள். மாணவர் பாஸில் பகுதிநேர வேலை ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில்தான், வாரம் 20 மணிநேரம்தான். அந்தப் பணத்தை நம்பிக் கட்டணக் கணக்குப் போடாதீர்கள்.