பெயரில் உள்ள ஐம்பது எஞ்சினில் இருக்கிறதா?

பழைய வண்ணை:
“பதினாறு வயதுப் பையன் டிவிஎஸ் ஃபிஃப்டி மொபெட் ஓட்டலாம், சட்டமே இடம் கொடுத்திருக்கிறது” என்று நேற்று ஒருவர் இங்கே அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, 50 சிசிக்கு மேற்படாத எஞ்சின் உள்ள இருசக்கர வண்டிக்கு மட்டுமே அந்தச் சலுகையைத் தருகிறது; மற்றவற்றுக்குப் பதினெட்டு நிரம்ப வேண்டும். காசிமேட்டிலிருந்து மீன் பெட்டியைக் காலடியில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, ஐஸ் தண்ணீர் சாலையெல்லாம் சொட்டச் சொட்ட வருகிறதே, எல்லோரும் ஃபிஃப்டி என்று அழைக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100, அதன் எஞ்சின் 99.7 சிசி. கூட்டல் கழித்தல் தெரியாதவர்கள் சட்டம் பேச வேண்டாம்.

மீன்கூடை:
எழுதியவன் நான்தான் ஐயா, ஒளிந்துகொள்ளவில்லை. எங்கள் தெருவில் அந்த வண்டிக்கு ஃபிஃப்டி என்றுதான் பெயர். பதினாறு வயதில் அப்பாவின் வண்டியில் ராயபுரம் வரை மீன் இறக்கியிருக்கிறேன், ஒருவரும் நிறுத்தியதில்லை.

பழைய வண்ணை:
ஒருவரும் நிறுத்தாதது சட்டமாகிவிடாது. நம் ஊரில் எந்த வனஸ்பதியையும் டால்டா என்பார்கள், எந்த நகலையும் ஜெராக்ஸ் என்பார்கள். 70 சிசியை ஒட்டி வந்த எக்ஸ்எல் சூப்பரையும் ஃபிஃப்டி என்றுதான் அழைத்தோம். வாயில் வரும் பெயரைக் காவலர் கேட்கமாட்டார். ஆர்சியில் சிசி என்ற இடத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்றுதான் பார்ப்பார். அங்கே இருப்பது 99.7.

எண்ணூரான்:
இருவரும் ஒரு நிமிடம் நிற்கலாமா? உரிம வகைகளைச் சொல்லும் 10ஆம் பிரிவில் மொபெட் என்ற சொல்லே கிடையாது. கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ளது என்றுதான் பிரித்திருக்கிறார்கள். எதை மொபெட் என்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது.

மீன்கூடை:
சொல் ஆராய்ச்சியைத் தமிழாசிரியர்களிடம் விட்டுவிடுங்கள். என் வீட்டில் ஐம்பதைத் தாண்டாத அசல் பழைய வண்டி, பதிவு புதுப்பித்து நிற்கிறது. அதை என் பையன் ஓட்டினால் பழைய வண்ணைக்காரர் என்ன செய்வார்?

பழைய வண்ணை:
முதலில் எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், இருக்கிறதா என்று கேட்பேன். பதினெட்டு நிரம்பாதவருக்கு அதைத் தர, 7ஆம் பிரிவின்படி பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும்; பிறகு எட்டு போட்டுக் காட்டி உரிமம் வாங்க வேண்டும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், ஹெல்மெட் இரண்டும் இதற்கு மேல். எதுவும் இல்லாமல் சிறுவனிடம் சாவியைக் கொடுத்தால், 2019 திருத்தத்தில் வந்த 199அ பிரிவின்படி 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோதான். பதிவு பன்னிரண்டு மாதம் ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. அது கிடக்கட்டும், நேற்று நீங்கள் அசல், பழையது என்றெல்லாம் எழுதவில்லையே. 99.7க்கு என்ன பதில்?

கொருக்குப்பேட்டை அக்கா:
எதற்கு இந்தப் பெட்ரோல் சண்டை? என் மகனுக்குப் பேட்டரி வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டேன். 250 வாட்டுக்குக் கீழே, மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடினால் உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம்.

பழைய வண்ணை:
விற்றவரே வேகப் பூட்டைத் திறந்து விட்டிருந்தால் அந்த விலக்கு போய்விடும், அக்கா. கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில் மகன் அவற்றை முந்திக்கொண்டு போகிறான் என்றால், அந்த வண்டி 25இல் ஓடவில்லை என்று பொருள்.

கொருக்குப்பேட்டை அக்கா:
என் மகன் முந்தியதை நீங்கள் பார்த்தீர்களா? போன மாதம் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று எனக்கு மூன்று நாள் பாடம் எடுத்தவர்தானே நீங்கள்?

பழைய வண்ணை:
129ஆம் பிரிவு இன்னும் மாறவில்லை. வேண்டுமானால் நான்காவது நாளும் எடுக்கிறேன்.

எண்ணூரான்:
மொபெட் என்றால் என்ன என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

மீன்கூடை:
ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டுக்கு வாருங்கள் ஐயா. வண்டியையும் ஆர்சியையும் உங்கள் முகத்துக்கு நேரே காட்டுகிறேன்.

பழைய வண்ணை:
வருகிறேன். எந்த வண்டி வரும், ஓட்டி வருவது நீங்களா, பையனா என்பதை மட்டும் இப்போதே எழுதிவிடுங்கள். 99.7 என்றால் தள்ளிக்கொண்டே வரச் சொல்லுங்கள்.