மறுமொழி: மின்னஞ்சல் முகவரியின் @ குறிக்குத் தமிழ்ப் பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

@ குறியை 'இல்' என்று அழைக்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. தடையாக நிற்பது இலக்கணம். ஆங்கிலத்தில் @ குறியைப் படிக்கும் 'அட்' இடப்பெயருக்கு முன்னால் வரும்; நம் ஏழாம் வேற்றுமை உருபான 'இல்' இடப்பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'குமரன் இல் அஞ்சல்' என்று முகவரியைப் படித்தால், அஞ்சல் குமரனுக்குள் இருப்பதாகத்தான் தமிழ்க் காதில் விழும். 1971இல் கணினிப் பொறியாளர் ரே டாம்லின்சன் மின்னஞ்சல் முகவரியில் பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க இக்குறியைத் தேர்ந்தெடுத்தபோது, அவருடைய மொழிக்கு அது இயல்பாகப் பொருந்தியது. ஹங்கேரியமும் நம்மைப் போல உருபைப் பின்னால் ஒட்டும் மொழிதான். அவர்கள் வடிவத்தைப் பார்த்து 'குகாட்ஸ்', அதாவது புழு, என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இத்தாலியருக்கு இது நத்தை, ரஷ்யருக்கு நாய், டச்சுக்காரருக்குக் குரங்கு வால். செக் மொழியில் 'ஸவினாச்': ஊறவைத்துச் சுருட்டிய ஹெர்ரிங் மீன். ஆனால் நாம் நின்று பார்க்க வேண்டியது எபிரேயத்தை. இஸ்ரேலில் இக்குறியை 'ஷ்ட்ரூடல்' என்கிறார்கள். வியன்னாவின் புகழ்பெற்ற ஆப்பிள் ஸ்ட்ரூடல்தான் அது. மாவை மேசைத் துணியின்மீது கண்ணாடிபோல மெல்லியதாக இழுத்து, ஆப்பிளும் உலர்திராட்சையும் பரப்பி, துணியைத் தூக்கியே பாயைப்போலச் சுருட்டிச் சுடுவார்கள். குறுக்கே வெட்டினால் உள்ளே சுற்றுச் சுற்றாகத் தெரியும். ஸ்ட்ரூடல் வகைப் பண்டத்துக்கு வியன்னா நூலகம் ஒன்றில் 1696ஆம் ஆண்டின் கையெழுத்துச் செய்முறையே இருக்கிறது.

பண்டத்துக்கு முன்பே ஜெர்மனில் அந்தச் சொல் உண்டு. ஸ்ட்ரூடல் என்றால் ஆற்றில் நீர் சுழலும் இடம். ஆஸ்திரியாவில் கிரைன் ஊருக்கு அருகே டான்யூப் ஆற்றில் படகோட்டிகளை அச்சுறுத்திய அப்படியோர் இடத்தால், அந்தப் பள்ளத்தாக்குக்கே ஸ்ட்ரூடெங்காவ் என்று பெயர். ஆற்றுச் சுழலின் பெயர் பண்டத்துக்கு வந்து, பண்டத்தின் பெயர் எழுத்துக்குறிக்கு வந்திருக்கிறது. எபிரேய மொழிக் கழகம் 'சுற்று' என்னும் வேரிலிருந்து 'க்ருகித்' என்ற சொல்லை ஆக்கித் தந்தது. நல்ல சொல்தான். ஆயினும் பேச்சில் ஷ்ட்ரூடலே கோலோச்சுகிறது. வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல்லைப் பிடித்துக்கொள்வதே நமக்கும் நல்லது.

அப்படியொரு சொல் நம்மிடம் இருக்கிறது: சுழி. ஆற்றிலும் சுழி, தலைமுடியிலும் சுழி. மாடு வாங்கப் போகிறவர் சுழி பார்ப்பார். எல்லாவற்றையும்விட, அது எழுத்தோடு ஒட்டிய சொல். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று பள்ளியில் சொல்லாத குழந்தை உண்டா? எழுதத் தொடங்கும்போதே பிள்ளையார் சுழி போடுகிற நாம், @ குறிக்குப் புழுவையோ நத்தையையோ தேட வேண்டியதில்லை. 'குமரன் சுழி அஞ்சல் புள்ளி காம்' என்று தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள், தடுமாற்றமே இல்லை.

சுழி பூஜ்ஜியத்தையும் குறிக்குமே என்ற தயக்கம் நியாயமானது. எண்ணைச் சொல்லும்போது பெரும்பாலோர் பூஜ்ஜியம், சைபர் என்கிறார்கள். ஆகவே பேச்சில் குழப்பம் வராது. பாடநூல்களிலும் மென்பொருள் இடைமுகங்களிலும் 'சுழிக்குறி' என்று முழுமையாக எழுதிவிடலாம். @ குறிக்குள் a இருப்பதால் 'அகரச்சுழி' எனலாம் என்று இங்கே சொன்னவரின் நோக்கம் எனக்குப் புரிகிறது, உள்ளே இருப்பது லத்தீன் எழுத்தாயிற்றே என்பதுதான் என் தயக்கம். சுழி என்ற பெயர் @ குறிக்கு மட்டும்தான்; பண்டத்தின் பெயரை மாற்ற வேண்டாம். ஸ்ட்ரூடல் ஸ்ட்ரூடலாகவே இருக்கட்டும்.

இன்னொன்றும் முடிவாக வேண்டும். சமூக வலைத்தளங்களில் ஒருவர் பெயருக்கு முன் இக்குறியை இட்டு அவரைக் கூப்பிடுவதை என்ன சொல்வது? 'சுழித்தல்' என்றால் முகம் சுழித்தல் குறுக்கே வருகிறது. 'சுழியிட்டு அழைத்தல்' என்பதையே நான் விரும்புகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு எழுதுங்கள்.