அக்காவின் மகளைச் சட்டப்படி மகவேற்க (தத்தெடுக்க) எங்கிருந்து தொடங்குவது?

கோப்பாய்ச் சின்னம்மா:
வணக்கம். அக்கா காலமாகி நாலு வருசம். அவளுடைய மகளுக்கு இப்போது 11 வயது, அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். முறைக்கு மகள்தான், வீட்டில் யாரும் வேறாகப் பார்ப்பதில்லை. ஆனால் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் நான் "பாதுகாவலர்" என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நின்று அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருப்பாள். அத்தான் வெளிநாடு போனவர், மூன்று வருசமாக ஒரு தொடர்பும் இல்லை. எனக்கு 34, கணவருக்கு 38. காசு கொடுத்தால் பிறப்புப் பதிவையே எங்கள் பெயருக்கு மாற்றித் தரலாம் என்று ஒருவர் வந்து சொன்னார், மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

மானிப்பாய் அண்ணை:
தங்கச்சி, அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கோ. பொய்ப் பதிவு குற்றம், நாளைக்கு மாட்டுப்படுவது பிள்ளைதான். இலங்கையின் 1941ஆம் ஆண்டு 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றம்தான் கட்டளை தர வேண்டும். மகவேற்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும். உங்களுக்கு 23 வருச இடைவெளி, பிரச்சினை இல்லை. கணவரும் நீங்களும் சேர்ந்தே விண்ணப்பியுங்கோ. முதலில் சிறுவர் பராமரிப்பைப் பார்க்கும் நன்னடத்தை அலுவலகத்துக்குப் போங்கோ. நாங்கள் மகனை மகவேற்க விண்ணப்பித்து, அவர்கள் விசாரிக்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது நாங்கள் வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தோம், வந்தவர் அதையெல்லாம் பார்க்கவில்லை, மகனின் கணக்குக் கொப்பியை வாங்கிப் புரட்டிக்கொண்டே அவனோடு அரை மணித்தியாலம் கதைத்தார்.

சாவகச்சேரியில் இருந்து:
சட்டத்தரணி ஒருவரிடம் வேலை செய்கிறேன். அத்தானின் சம்மதம்தான் உங்களுக்குச் சிக்கல். தகப்பன் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது தேடியும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அவருடைய சம்மதம் இல்லாமலே நீதிமன்றம் கட்டளை கொடுக்கலாம். ஆனால் தேடினீர்கள் என்று காட்ட வேண்டும். அவருடைய கடைசி முகவரி, பழைய டெலிபோன் நம்பர், அவருடைய சகோதரர்களின் சத்தியக்கடதாசி, கிராம அலுவலரின் கடிதம் எல்லாவற்றையும் இப்பவே சேருங்கள். அப்புறம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் அக்காவின் மரண அத்தாட்சிப் பத்திரத்திலும் அக்காவின் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் பாருங்கள். ஒரு எழுத்துப் பிசகுக்காகத் தவணை தவணையாக அலைந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இளைப்பாறிய ரீச்சர்:
பிள்ளை, சொந்தக்காரர் முன்னிலையில் மஞ்சள் தண்ணீர் குடித்துச் சுவீகாரம் எடுப்பது தேசவழமையில், அதுதான் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்தில், இருந்த வழக்கம். வீட்டுப் பெரியவர்கள் அதுவே போதும் என்று சொன்னாலும் கேளாதேங்கோ. கட்டளை கிடைத்தால் பதிவாளர் நாயகத்தின் மகவேற்புப் பதிவேட்டில் ஏறும், அந்த அத்தாட்சிப் பத்திரம்தான் பாஸ்போட்டுக்கும் மற்றதுக்கும் உதவும். இன்னொன்று, 10 வயது கடந்த பிள்ளையின் சம்மதமும் சட்டப்படி வேண்டும். நீதிமன்றத்தில் முதல்முறையாக அவள் இதைக் கேட்கக்கூடாது. முதலெழுத்து மாறப்போகிறது என்றால் அதையும் வீட்டிலேயே சொல்லிவிடுங்கோ.

கோப்பாய்ச் சின்னம்மா:
எல்லோருக்கும் நன்றி. மரண அத்தாட்சிப் பத்திரத்தில் அக்காவின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது, இன்றைக்குத்தான் கண்டேன். ரீச்சர் சொன்னபடி நேற்று இரவு அவளோடு கதைத்தேன். முதலெழுத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப சாமியறையில இருக்கிற அம்மாவின்ர படத்தை எடுக்க வேணுமோ?" என்றுதான் கேட்டாள். எடுக்கத் தேவையில்லை என்றேன். சரி என்று தலையாட்டினாள். திங்கட்கிழமை மூன்று பேருமாக நன்னடத்தை அலுவலகத்துக்குப் போகிறோம்.