கலைச்சொல்: துருக்கிய ரவை அல்வாவில் ஊற்றும் ‘ஷெர்பெத்’ – பாகா, வேறா?

மடல் 1

வணக்கம். துருக்கிய இனிப்புகளுக்கான சொற்பட்டியலில் ஒரு சொல் இடிக்கிறது. வெண்ணெயில் வறுத்த ரவையில் ஊற்றும் இனிப்பு நீரை அங்கே ‘ஷெர்பெத்’ என்கிறார்கள். நம் பட்டியலில் ‘பாகு’ என்று போட்டிருக்கிறோம். பாகு என்றால் நம் வீடுகளில் அடுத்த கேள்வி, “எத்தனை கம்பி?” இர்மிக் ஹெல்வா என்னும் இந்த ரவை அல்வாவுக்குக் கம்பியே கூடாது. சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்தால் போதும். மாற்றுச் சொல் தாருங்கள்.

மடல் 2

சர்பத் என்றே விடலாமே? இரண்டும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவைதாம், குடிப்பது என்ற பொருளில். தமிழில் ஏற்கெனவே புழங்கும் சொல்.

மடல் 3

புழங்குவதுதான் சிக்கல். “வறுத்த ரவையில் சர்பத் ஊற்றவும்” என்று படித்தால் நன்னாரி வாசனைதான் மூக்கில் ஏறும்.

‘சீனிப்பால்’ என்று தனிமடலில் ஒருவர் சொன்னார். பால் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் கிண்டுவோரும் உண்டு, அதனால் அது பொருந்தாது.

மடல் 4

சொல்லுக்கு முன் அளவைப் பார்ப்போம். துருக்கியத் தண்ணீர்க் குவளை 200 மி.லி. ஒரு குவளை ரவைக்கு வெண்ணெய் 75 கிராம், சர்க்கரை ஒரு குவளை, பாலும் தண்ணீருமாக இரண்டு குவளை. அதாவது கரைசலில் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கம்பிப் பதப் பாகிலோ ஏறக்குறைய முக்கால் பங்கு சர்க்கரை. அதை ஊற்றினால் ரவைக்குக் குடிக்கத் தண்ணீர் ஏது? இருக்கிற நீரையும் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்ளும். ரவை உப்பாமல் நறநறக்கும், ஆறியதும் பாறையாகும். “சொன்னபடிதான் செய்தேன், கல்லாகிவிட்டது” என்று வரும் புகாரில் பாதி இந்த ஒற்றைச் சொல்லால் வருவது என்பேன்.

வறுவலையும் குறிப்பில் சேருங்கள். பைன் பருப்பை ரவையோடு வெண்ணெயில் முதலிலேயே போடுவது அழகுக்கு மட்டுமல்ல. பருப்பு பொன்னிறமானால் ரவையும் வறுபட்டது என்று கணக்கு. சிறு தீயில் கைவிடாமல் கிளற 20 முதல் 25 நிமிடம். தீயைக் கூட்டினால் பருப்பு கருகும், ரவையில் பச்சை வாடை நிற்கும். பைன் பருப்பு விலை அதிகம். நறுக்கிய பாதாம் போதும்.

மடல் 5

அப்படியானால் ‘கரைபாகு’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. பாகு என்ற உறவும் நிற்கும், கரைந்ததோடு நிறுத்து என்ற எச்சரிக்கையும் சொல்லுக்குள்ளேயே இருக்கும்.

மடல் 6

ஒரு தடை. மெல்லிய மாவு அடுக்குகளுக்கிடையே பருப்பு வைத்துச் சுடும் பக்லாவாவுக்கு ஊற்றுவதும் ஷெர்பெத்தான். அதைச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் காய்ச்சுகிறார்கள், சர்க்கரை பூத்துவிடாமலிருக்க. அதுவும் கரைபாகா?

மடல் 5-இன் தொடர்ச்சி

இல்லை. அது பிசுக்குப் பதம், குலாப் ஜாமூனுக்கு வைப்பது போல. அதைப் பாகு என்றே சொல்லலாம். துருக்கியில் ஒரு சொல் என்பதால் நமக்கும் ஒன்றே வேண்டும் என்றில்லை. சமையல் குறிப்பில் சொல்தான் கைக்குக் கட்டளை.

மடல் 7

கரைபாகுக்கு என் ஒப்புதல். ‘தெம்லெமெ’ என்பதற்கு ‘ஊறவிடல்’ என்று இருப்பதையும் திருத்துங்கள். துருக்கியின் ‘தெம்’, பிரியாணியின் ‘தம்’ இரண்டும் மூச்சு என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. ‘தம் போடுதல்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

மடல் 1-இன் தொடர்ச்சி

இரண்டையும் ஏற்று, பட்டியலில் ஏற்றும் வரி இதோ:

“ரவை பொன்னிறமானதும் சட்டியை இறக்கி, சூடான கரைபாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவும், மொத்தமாக ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். மறுபடி சிறு தீயில் வைத்து நீர் வற்றும்வரை கிளறவும். அடுப்பை அணைத்து, ஆவி நீர் அல்வாவில் சொட்டாதபடி மூடிக்கடியில் துணி கொடுத்து 15 நிமிடம் தம் போடவும். முள்கரண்டியால் பொலபொலவென்று உதிர்த்துப் பரிமாறவும்.”

துணி விஷயத்தை யாரும் வெட்டிவிடாதீர்கள்.